முதல் அறை, இடது கைப் பக்கம்

புதன்கிழமை காலையில், எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே, அத்தான் அவளிடம் சர்க்கரையை அக்கா வழியாகக் கேட்டார்.

"உன் தங்கச்சிகிட்ட சொல்லு, அந்த டப்பாவை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி."

டப்பா அவள் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது. தள்ளினாள். அத்தான் அக்காவைப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றார்.

"ஏங்க, ரெண்டு பேரும் என்ன சின்னப் புள்ளைங்களா?" என்றாள் அக்கா.

"அவ இன்னைக்கு ஜட்ஜம்மா. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி நான் பேசினா, ஜட்ஜைக் கையில போட்டுக்கிட்டான்னு சொல்லுவானுங்க."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று பாதிக் காப்பியோடு எழுந்துவிட்டாள்.

அவள் வேலை பார்ப்பது அத்தான் லாரி ஓட்டும் அதே கம்பெனியில். ஆபீசோ கடையோ கிளினிக்கோ, எதுவானாலும் ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைத்துக் கொடுக்கிற கம்பெனி. அத்தான்தான் முதலாளியிடம் கெஞ்சி அவளுக்கு அங்கே ஃபோன் எடுக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தார். அவள் இந்த நாட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா, அவள், இந்த இரண்டு அறை வீடு, எல்லாமே அத்தானின் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. வேலை போனால் தங்கும் அனுமதியும் போய்விடும். அப்புறம் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து.

போன சனிக்கிழமை ஒரு பல் கிளினிக்கை இடம் மாற்றினார்கள். நான்கு சிகிச்சை நாற்காலிகள். குழந்தைகளுக்கான குட்டி நாற்காலி ஒன்று, இடது கைப் பழக்கமுள்ள டாக்டருக்கென்று தட்டும் விளக்கும் மறுபக்கம் வைத்துச் செய்தது ஒன்று, சாதாரணம் ஒன்று, ஆபரேஷனுக்கானது ஒன்று. திங்கட்கிழமை காலை டாக்டர் வந்து பார்த்தால் நான்கும் மாறிக் கிடந்தன. ஆபரேஷன் அறையில் யானை படம் போட்ட குட்டி நாற்காலி. அதுவும் தரையோடு சேர்த்து போல்ட் முடுக்கி, தண்ணீர்க் குழாயெல்லாம் மாட்டி, அசைக்க முடியாதபடி. கன்னம் வீங்கிய நோயாளிகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆட்கள் ஓடிப்போய் நான்கையும் கழற்றி, டாக்டர் கை காட்டிய இடங்களில் மாட்டி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "புதன்கிழமை உன் மீட்டிங் இருக்குல்ல? அதுல யாரு பண்ண தப்புன்னு கண்டுபிடி. சாயந்தரம் டாக்டர் ஃபோன் பண்ணுவாரு. எனக்கு ஒரு பேரு வேணும். அந்த ஆளு அடுத்த வாரத்துலேருந்து வர வேண்டாம்."

'உன் மீட்டிங்' என்று அவர் சொன்னது, வேலை முடிந்தபின் அதைத் திரும்பிப் பார்க்கிற கூட்டத்தை. எது நல்லா நடந்தது, எது சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த சூட்டில் முதலாளி அதை ஆரம்பித்தார். இரண்டு தடவை தானே நடத்தியதும் சூடு ஆறிப்போய் அவள் தலையில் கட்டிவிட்டார். ஆட்கள் அதற்கு 'பஞ்சாயத்து' என்று பேர் வைத்தார்கள். அவள் கேள்வி கேட்பாள், அவர்கள் பிஸ்கட் தின்பார்கள். "எல்லாம் நல்லாத்தான் போச்சு தங்கச்சி" என்பார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் பஞ்சாயத்தும் தீர்ந்துவிடும்.

இன்று பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

குடோனில் போர்வை சுற்றிய சோபாக்கள் நடுவே பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய இடத்தில் சாமானைக் கட்டி, எந்த அறைக்கு என்று டேப்பில் எழுதி ஒட்டுகிற டேப்பண்ணன், எப்போதும் போல டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரும் அத்தானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். இன்று ஆளுக்கொரு மூலை. புது இடத்தில் அத்தானோடு சாமான் இறக்குகிறவனுக்குப் பெயர் கொசு. குளிர்சாதனப் பெட்டியைத் தனியாளாகத் தூக்குகிற உடம்பு அது. நாற்காலிகளை மாட்டிய ஃபிட்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரே நாற்காலியை இரண்டு தடவை மாட்டிய எரிச்சல் அவர் முகத்தில் இன்னும் இருந்தது.

அவள் வாயைத் திறந்ததுமே தப்பாகத் திறந்தாள்.

"குழந்தைங்க நாற்காலியை ஆபரேஷன் ரூம்ல வெச்சது யாரு?"

"யாருன்னு தெரியாத மாதிரி கேக்குறியே தங்கச்சி" என்றார் ஃபிட்டர். "இறக்கினது யாரோ அவருதான். நான் நாற்காலி எங்க நிக்குதோ அங்க போல்ட் அடிப்பேன். நடுரோட்டுல நின்னா நடுரோட்டுலயும் அடிப்பேன்."

"நான் டேப்புல எழுதியிருந்த இடத்துலதான் வெச்சேன்" என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

"நான் முதலாளி சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார் டேப்பண்ணன். "இடது, ஒண்ணுன்னு கொட்டை எழுத்துல எழுதினேன். படிக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாதுங்கிற."

"நான் அப்படிச் சொல்லல. நீயே சொல்லிக்கிற."

"அந்த டேப் எங்கடா? காட்டு, பார்ப்போம்."

"பிரிச்சவன்தான் குப்பையில போட்டான். என்னைக் கேட்டா?"

"மாப்ள, மச்சான், ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கப்பா" என்று கொசு எழுந்தான். யாரும் கேட்கவில்லை. டேப்பண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காத. நீ என்ன எழுதிக் குடுப்பேன்னு எங்களுக்குத் தெரியாதா? ஒரே வீட்டுச் சாப்பாடு."

அவளுக்கு முகம் சுட்டது. அத்தானாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர் எழுந்து, வெளியே போய், லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

கொசு மெதுவாக ஒரு பிஸ்கட்டை எடுத்தான். "பஞ்சாயத்து கலைஞ்சிடுச்சா?"

"இருங்கண்ணே. யாரும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அவளும் வெளியே போனாள்.

லாரியின் கண்ணாடி ஏறியிருந்தது. தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். பாதி இறங்கியது.

"என்ன எழுதப்போற?" என்றார் அத்தான். இரண்டு நாளில் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியல அத்தான்."

"தெரியலன்னா? உனக்குச் சோறு போடுறவன்னு தெரியுமில்ல?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "உங்க பேரை எழுதினா நாம மூணு பேரும் போயிடுவோம். டேப்பண்ணன் பேரை எழுதினா அவரு வீட்டுல எத்தனை பேரோ அத்தனை பேரும். நான் யாரையும் காப்பாத்தறதுக்கு வரல. சனிக்கிழமை என்னதான் நடந்ததுன்னு நெஜமாவே எனக்குப் புரியல. நீங்க ரெண்டு பேருமே பொய் சொல்ற ஆளு இல்லையே."

அத்தான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார் கடைசியில். "அதாம்மா எனக்கு எரியுது. பொய் சொல்ற பயலா இருந்தா ரெண்டு திட்டுத் திட்டிட்டுத் தூங்கியிருப்பேன்."

"அப்ப வாங்க. பேச வேண்டாம். சனிக்கிழமை செஞ்சதை அப்படியே செஞ்சு காட்டுங்க. போதும்."

எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று அவளுக்கே தெரியாது. பேச்சை எடுத்தால் அது சண்டையில்தான் முடிகிறது, பேச்சை விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

குடோன் தரையில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்தாள். புது கிளினிக்கை அவள் கண்ணால் பார்த்ததில்லை. முதலாளி ஆபீசில் உட்கார்ந்து சொல்லக் கேட்டதுதான். நடுவில் நீளமாக ஒரு நடை, இந்தப் பக்கம் இரண்டு அறை, அந்தப் பக்கம் இரண்டு அறை. ஒரு முனையில் கண்ணாடி வாசல் போட்டாள். மறுமுனையைக் கோடு போட்டு மூடினாள். நாற்காலிக்குப் பதில் நான்கு காலிப் பெட்டிகள்.

"முட்டி போட்டுக் கோலம் போடுது பாரு" என்றார் ஃபிட்டர். "இதுல பாண்டி விளையாடணுமா தங்கச்சி?"

"ஆமாண்ணே. முதல் ஆட்டம் டேப்பண்ணன். முதலாளி உங்ககிட்ட இடத்தைச் சொல்லும்போது எங்க நின்னீங்க?"

டேப்பண்ணன் வேண்டாவெறுப்பாக எழுந்தார். "வியாழக்கிழமை கூட்டிட்டுப் போனாரு. இதோ, இந்தக் கண்ணாடி வாசல்ல நின்னோம். பெயிண்ட் காயல, கதவுல எதையும் ஒட்டாதேன்னுட்டான் பெயிண்டர். நம்பர்கூட இன்னும் போடல. அதனால முதலாளி கை நீட்டிச் சொன்னாரு, குழந்தைங்க நாற்காலி முதல் அறை, இடது கைப் பக்கம்னு."

"அந்தப் பெட்டியை அங்க வைங்க."

வைத்தார். கண்ணாடி வாசலிலிருந்து முதல் அறை, இடது பக்கம். சரி.

"இப்ப அத்தான். நீங்க உள்ள வாங்க."

அத்தான் இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாக்பீஸ் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுமுனையில், அவள் மூடிவைத்த கோட்டுக்கு முன்னால் நின்றார்.

"லிஃப்ட் எங்க?"

"எந்த லிஃப்ட்?"

"சரக்கு லிஃப்ட்டும்மா. அதைப் போடாம விட்டுட்டியே. நான் எப்படி உள்ள வர்றது, ஜன்னல் வழியாவா?"

செருப்புக் காலால் சாக்பீஸ் கோட்டைத் தேய்த்து அழித்தார். சுவரில் ஒரு வாசல் திறந்தது. அதன் வழியாக உள்ளே நுழைந்து, முதல் அறையில், தன் இடது பக்கம், பெட்டியை வைத்தார்.

இரண்டு பெட்டிகள். ஒன்று இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில், மூலைக்கு மூலை.

கொசுதான் முதலில் சிரித்தான். பிஸ்கட் புரை ஏறும் அளவுக்குச் சிரித்தான். "அடப்பாவிகளா! ரெண்டும் சரி!"

"நீ பின்பக்கமாவா வந்த?" என்றார் டேப்பண்ணன்.

"பின்ன? முன்னாடி பளபளன்னு கல்லு போட்டிருக்கான். அதுல டிராலியை உருட்டினா டாக்டர் என் பல்லைப் பேத்துருவாரு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீ எங்கிட்டக் கேட்டியா? நாம என்னைக்குடா வாசலைப் பத்திப் பேசியிருக்கோம்? எப்பவும் கதவுல நம்பர் இருக்கும், நம்பரைப் பாத்து வைப்போம்."

ஃபிட்டர் காலைக் கீழே போட்டுவிட்டார். சாக்பீஸ் நடையில் மெல்ல நடந்து பார்த்தார். "இருங்க. எனக்கும் சந்தேகம் வந்துச்சு. ஆபீசுக்கு ஃபோன் பண்ணினேன். குட்டி நாற்காலி முதல் அறை இடதுதானேன்னு கேட்டேன்." அவர் அவளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆமாண்ணே. நான்தான் எடுத்தேன். ஆமா, அதேதான்னு சொன்னேன்."

"நானும் லிஃப்ட்டு பக்கம் நின்னுதான் கேட்டேன். சரிதான்னு நீயே சொல்லிட்ட, அப்புறம் என்னன்னு இறுக்கமா போல்ட் அடிச்சேன்." அவர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் லூசா விட்டிருக்கலாம்."

அந்த நேரத்தில்தான் முதலாளி உள்ளே வந்தார். கையில் ஃபோன். தரையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கும் கொசுவைப் பார்த்தார்.

"என்ன இது, விளையாட்டு மைதானமா? டாக்டர் இப்ப கூப்பிடுவாரு. பேரு என்ன?"

அவள் கையில் சாக்பீஸ் வியர்வையில் பிசுபிசுத்தது. இந்த ஆளிடம் இதுவரை அவள் 'சரி சார்' தவிர வேறெதையும் சேர்ந்தாற்போலச் சொன்னதில்லை.

"சார், ஒரு நிமிஷம் இந்த வாசல்ல நில்லுங்க சார்."

"எனக்கு நேரமில்ல."

"ஒரே நிமிஷம் சார். வியாழக்கிழமை நின்ன மாதிரி. குழந்தைங்க நாற்காலி எங்கன்னு சொன்னீங்க?"

அவர் எரிச்சலோடு நின்றார், கையை நீட்டினார். "இங்க. முதல் அறை, இடது."

"இப்ப அத்தான் வந்த வழியா வாங்க சார். பெட்டியோட."

"நானா?"

கொசு ஓடிப்போய் ஒரு பெட்டியை அவர் கையில் திணித்துவிட்டான். வாங்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளி அதைச் சுமந்துகொண்டு மறுமுனைக்குப் போனார். அழித்த கோடு வழியாக உள்ளே காலை வைத்தார். ஒரு கணம் நின்றார். இடது பக்கம் பார்த்தார். தலையை நிமிர்த்தி, எதிர்க்கோடியில் தான் முன்பு கை காட்டிய அறையைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப," என்றார், "தப்பு என்னோடதுங்கிறியா?"

"உங்களோடது மட்டும் இல்ல சார். ஃபோன்ல சரின்னு சொன்னது நானு. எந்த வாசல்னு நீங்க சொல்லல, நான் கேக்கல, டேப்பண்ணன் எழுதல, அத்தான் விசாரிக்கல. ஆளாளுக்குச் சரியாத்தான் செஞ்சோம். ஒண்ணா சேர்த்தாத் தப்பாயிடுச்சு." நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து மூச்சு விடாமல் தொடர்ந்தாள். "ஒருத்தரை அனுப்பிட்டா அடுத்த வேலையில இன்னொருத்தர் இதையேதான் செய்வாரு சார். ஏன்னா ரெண்டு வாசலும் அங்கேயேதான் இருக்கும்."

முதலாளி கையிலிருந்த ஃபோன் அடித்தது.

பெட்டியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, எடுக்கிற அவசரத்தில் எதையோ அழுத்தினார். டாக்டரின் குரல் குடோன் முழுக்கக் கேட்டது.

"என்ன சார், கண்டுபிடிச்சீங்களா? யாரு அந்தப் புண்ணியவான்?"

அத்தானின் கண் தரையில் இருந்தது. டேப்பண்ணன் மணிக்கட்டு டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், நான் முன்வாசல்ல நின்னு இடதுன்னு சொன்னேன். பசங்க பின்வாசல் வழியா வந்து இடதுல வெச்சாங்க. பேருன்னு கேட்டா, என் பேரைத்தான் முதல்ல எழுதிக்கணும்."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. அப்புறம், யாரும் எதிர்பார்க்காதபடி, சிரிப்பு.

"அட, இது எங்க வீட்டு வியாதியாச்சே!" என்றார் டாக்டர். "நான் வாயைப் பாத்து இடது பக்கம்னா, படுத்திருக்கிறவருக்கு அது வலது பக்கம். அதனாலதான் சார் ஒவ்வொரு பல்லுக்கும் நம்பர் வெச்சிருக்கோம். இடது வலதுன்னு பேசிக்கிட்டிருந்தா நல்ல பல்லைப் புடுங்கிட்டு நிப்போம்."

"நாங்களும் அறைக்கு நம்பர் போட்டிருக்கணும் டாக்டர்."

"போடுங்க. அதுக்காக என் திங்கட்கிழமை காலை திரும்பி வராது, அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஒரு அம்மா வலி தாங்காம வேற டாக்டர்கிட்டப் போயிட்டாங்க." ஃபோன் நின்றது.

முதலாளி பெட்டியைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரையும் பாராட்டவும் இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. 'அந்த ஆளு வர வேண்டாம்' என்று அவர் மறுபடி சொல்கிறாரா என்று மட்டும் காத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் என்ன வேலை?" என்றார்.

"வக்கீல் ஆபீஸ் சார். மூணாவது மாடி."

"அதுக்கு எத்தனை வாசல்?"

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் டேப்பண்ணனைப் பார்த்தார். டேப்பண்ணன் கொசுவைப் பார்த்தார். கொசு பிஸ்கட் தட்டைப் பார்த்தான்.

"யாருக்கும் தெரியாது. அப்படித்தானே?" என்றார் முதலாளி. "போய்ப் பாத்துட்டு வாங்க. இப்பவே."

"யாரு சார் போறது?" என்றார் ஃபிட்டர்.

"இனிமே ஒருத்தரை மட்டும் அனுப்புவேனா? அத்தனை பேரும் போங்க. நீயும் போம்மா. பாக்காத வீட்டுக்குப் படம் போட்டா இப்படித்தான் வாசலை மூடிடுவ."

போகிறவர், வாசலில் திரும்பி நின்று, "வந்ததும் எனக்குச் சொல்லுங்க. என்னவெல்லாம் தப்பாப் போகலாம்னு. இந்தத் தடவை முன்னாடியே" என்றார்.

லாரியின் முன் இருக்கையில் மூன்று பேருக்குத்தான் இடம். கொசுவும் ஃபிட்டரும் ஃபிட்டரின் பைக்கில் ஏறினார்கள். பைக் ஒரு பக்கம் சாய்ந்து முனகியது. டேப்பண்ணன் லாரி கதவருகே தயங்கி நின்றார்.

"ஏறுடா" என்றார் அத்தான். "உனக்குத் தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமா?"

"இல்ல, படிக்கத் தெரியாதவன் ஓட்டுற வண்டியில ஏறலாமான்னு யோசிக்கிறேன்."

"ஏறு. போர்டை நீ படி, நான் ஓட்டுறேன்."

டேப்பண்ணன் ஏறினார். இருவருக்கும் நடுவே அவள் முட்டியை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "தங்கச்சி, அந்தச் சாப்பாட்டுப் பேச்சு…" என்று டேப்பண்ணன் ஆரம்பித்து, எப்படி முடிப்பதென்று தெரியாமல் நிறுத்தினார்.

"விடுங்கண்ணே. நான் ஆரம்பிச்ச கேள்வியே சரியில்ல."

"ஆமா, சரியில்லதான்" என்று அவர் உடனே ஒப்புக்கொண்டதும் அத்தான் பெரிதாகச் சிரித்துவிட்டார்.

வக்கீல் ஆபீஸ் கட்டடத்தின் முன் லாரி நின்றது. அகலமான படிகள், பித்தளைக் கைப்பிடி போட்ட கதவு. அதையொட்டிப் பின்வாசலுக்குப் போகிற ஒரு சந்து. சந்துக்கு அப்பால் வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து இன்னொரு சின்னக் கதவு.

"முன்னாடியா பின்னாடியா, முதல்ல எது?" என்றார் அத்தான், எஞ்சினை அணைத்துவிட்டு, அவளிடம்.

"மூணு இருக்கு அத்தான்" என்றாள் அவள். "அதோ, அந்த மூலையில."

டேப்பண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "அட, ஆமா."

மூவரும் ஆளுக்கொரு பக்கமாக இறங்கினார்கள்.